பழைய கேம்களுக்காக கணினி அசெம்பிள் பண்ணப் போறீங்களா? முதலில் பார்க்க வேண்டியது ப்ராசஸர் அல்ல!

1990களின் இறுதியில் வாங்கிய கேம் சிடி ஒன்று பரணில் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதைத் துடைத்து, இன்றைய விண்டோஸ் 11 லேப்டாப்பில் தனியாக ஒரு சிடி டிரைவை இணைத்துப் போட்டால் என்ன ஆகும்? பல நேரங்களில் இன்ஸ்டால்கூட ஆகாது.

சிடி கெட்டுப்போச்சு என்று நினைத்துத் தூக்கி எறிய வேண்டாம். அந்தக் காலத்து கேம்கள் பலவற்றின் இன்ஸ்டாலர், 16-பிட் புரோகிராம். இன்றைய 64-பிட் விண்டோஸ் அதைத் திறக்கவே திறக்காது. அதைத் தாண்டினாலும் அடுத்த தடை காத்திருக்கிறது. சேஃப்டிஸ்க் என்ற காப்பி தடுப்புப் பூட்டு உள்ள கேம்களை, 2015-ல் வந்த விண்டோஸ் 10 முதல் மைக்ரோசாஃப்ட் அனுமதிப்பதில்லை. அந்தப் பூட்டு பாதுகாப்பு ஓட்டையாக இருந்ததுதான் காரணம்.

அதையும் தாண்டி கேம் ஓடினால் சத்தத்தில் இடிக்கும். குகைக்குள் நடந்தால் எதிரொலி, தண்ணீருக்குள் மூழ்கினால் அமுங்கிய ஒலி எனக் காட்டிய ஈஏஎக்ஸ் தொழில்நுட்பம், சவுண்ட் கார்டின் ஹார்டுவேரை நேரடியாக நம்பி இருந்தது. விண்டோஸ் விஸ்டா அந்த வழியை அடைத்துவிட்டது.

இதனால்தான் பழைய மதர்போர்டு, பழைய ப்ராசஸர், பழைய கார்டுகளைத் தேடிப்பிடித்து 'ரெட்ரோ பிசி' அசெம்பிள் செய்யும் பழக்கம் உலகம் முழுக்கப் பரவியிருக்கிறது. ஆனால், இதில் பாகங்களைத் தேர்ந்தெடுக்கும் கணக்கு, புது கேமிங் பிசி வாங்கும் கணக்குக்கு நேர் எதிரானது. இருப்பதிலேயே வேகமானதை வாங்கினால் பல கேம்கள் ஓடாது. பொருந்தாத ஒன்றைச் செருகினால், இனி யாரும் தயாரிக்காத ஒரு பாகம் ஒரே நொடியில் கருகிப்போகும்.

'அதான் டாஸ்பாக்ஸ் இருக்கே, எதுக்கு இவ்ளோ மெனக்கெடணும்?'

நியாயமான கேள்விதான். டேஞ்சரஸ் டேவ், பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா, டூம் போன்ற டாஸ் கேம்கள் மட்டும் போதும் என்பவர்களுக்கு, 2002 முதல் கிடைக்கும் டாஸ்பாக்ஸ் என்ற இலவச மென்பொருளே போதும். காசு செலவில்லை, வீட்டில் இடமும் அடைக்காது. பழைய கேம்களை இன்றைய விண்டோஸுக்கு ஏற்பச் சரிசெய்து விற்கும் ஜிஓஜி போன்ற தளங்களும் இருக்கின்றன.

உண்மையான ஹார்டுவேர் தேவைப்படுவது பெரும்பாலும் 1996 முதல் 2001 வரை வந்த விண்டோஸ் 95, 98 காலத்து 3டி கேம்களுக்குத்தான். அந்தக் காலத்து கணினி முழுவதையும் மென்பொருளிலேயே உருவாக்கிக் காட்டும் 86பாக்ஸ் போன்றவை இருந்தாலும், பென்டியம் காலத்து ப்ராசஸரும் 3டி கார்டும் சேர்ந்து செய்த வேலையைப் பாவனை செய்ய, இன்றைய ப்ராசஸரே திணற வேண்டியிருக்கிறது.

முதலில் கேம், அப்புறம்தான் பாகம்

எந்த கேம்களை விளையாடப் போகிறோம் என்று ஒரு காகிதத்தில் எழுதி, பக்கத்தில் அது வெளியான ஆண்டையும் எழுதிக்கொள்வதுதான் முதல் வேலை. ஏனென்றால் அந்தப் பத்தாண்டுகளில் கணினி மாறிய வேகம் அப்படி. 1993-ல் வந்த டூம் கேமுக்கு 4 எம்பி ரேம் போதும். 1999-ல் வந்த ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2, 166 மெகாஹெர்ட்ஸ் பென்டியமும் 32 எம்பி ரேமும் கேட்டது. 2003-ல் பிசிக்கு வந்து பிரவுசிங் சென்டர்களை ஆட்டிப்படைத்த ஜிடிஏ வைஸ் சிட்டிக்கோ 800 மெகாஹெர்ட்ஸ் ப்ராசஸர், 128 எம்பி ரேம், 32 எம்பி கிராபிக்ஸ் கார்டு குறைந்தபட்சத் தேவை. பத்து வருஷத்தில் ரேம் மட்டும் 32 மடங்கு!

ஒரே பெட்டியில் எல்லாத்தையும் ஓட்டிடலாம் என்று நினைத்தால் ஏமாற்றம்தான். வைஸ் சிட்டி போன்றவற்றுக்கு விண்டோஸ் எக்ஸ்பி கணினியே சரி. அது இன்றும் மலிவாகக் கிடைக்கும். அதற்கு முந்தைய காலத்துக்கு விண்டோஸ் 98 இரண்டாம் பதிப்பு கணினி தேவை. விண்டோஸும் டாஸும் ஒரே இடத்தில் ஓடும் என்பதால், ஒரே ஒரு ரெட்ரோ பிசிதான் வைக்க முடியும் என்பவர்களுக்கு இதுவே நல்ல தேர்வு. அதற்குப் பின் வந்த விண்டோஸ் எம்இ, நேரடி டாஸ் வசதியை மறைத்துவிட்டது. அதைத் தவிர்ப்பது நல்லது.

வேகமா இருந்தா தப்பா?

ஆமாம், தப்புதான். 1990-ல் வந்த விங் கமாண்டர் என்ற விண்வெளிப் போர் கேம், அன்றைய ப்ராசஸரின் வேகத்தையே தன் வேகமாக எடுத்துக்கொண்டது. பென்டியத்தில் போட்டால் விமானங்கள் கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் பறக்கும், விளையாட முடியாது. பழைய கேபினெட்டுகளில் 'டர்போ' என்று ஒரு பட்டன் இருந்ததே, நினைவிருக்கிறதா? பெயரைப் பார்த்து அது வேகத்தைக் கூட்டும் என்று பலரும் நம்பினார்கள். உண்மையில் பழைய மென்பொருட்களுக்காக வேகத்தைக் குறைக்கத்தான் அது வைக்கப்பட்டது.

இன்னொரு சிக்கல் 'ரன்டைம் எரர் 200'. டர்போ பாஸ்கல் என்ற மொழியில் எழுதப்பட்ட டாஸ் மென்பொருட்கள் பல, தொடங்கும்போதே ப்ராசஸரின் வேகத்தை அளந்து பார்க்கும். கணினிக் கடிகாரம் ஒருமுறை துடிக்கும் 55 மில்லிவினாடிக்குள் எத்தனை முறை எண்ண முடிகிறது என்று பார்த்து, அதை 55-ஆல் வகுக்கும். விடையை வைக்க ஒதுக்கிய இடத்தில் 65,535 வரைதான் கொள்ளும். சுமார் 200 மெகாஹெர்ட்ஸைத் தாண்டிய ப்ராசஸர்களில் விடை அதற்கு மேல் போய்விடும். பூஜ்ஜியத்தால் வகுத்தது போலக் கருதி ப்ராசஸர் கையை விரித்துவிடும், புரோகிராம் நின்றுவிடும். மென்பொருளில் இதற்கு இப்போது திருத்தங்கள் உண்டு.

விண்டோஸே இதில் மாட்டியிருக்கிறது. ஏஎம்டி கே6-2 ப்ராசஸரின் 350 மெகாஹெர்ட்ஸ் மற்றும் அதற்கு மேற்பட்ட வகைகளில் விண்டோஸ் 95 தொடங்காமல் பிழை காட்டியது. மைக்ரோசாஃப்ட் தனியாகத் திருத்தம் வெளியிட வேண்டியதாயிற்று.

வேகத்தைக் குறைக்க எளிய வழி இருக்கிறது. பயாஸில் போய் ப்ராசஸரின் கேஷ் நினைவகத்தை அணைத்தால், பென்டியம் 2 அல்லது 3-ம்கூட பழைய 386 கணினி போல நகரத் தொடங்கும். நடுத்தர வேகம் வேண்டும் என்றால் கே6-2 பிளஸ், கே6-3 பிளஸ் வகை ப்ராசஸர்கள் கைகொடுக்கும். அவற்றின் வேகத்தைக் கணினி ஓடும்போதே மென்பொருள் மூலம் ஏற்றி இறக்கலாம்.

அப்போ எதிலிருந்து ஆரம்பிப்பது? சவுண்ட் கார்டு ஸ்லாட்டில் இருந்து!

புதிதாக இறங்குபவர்கள் பெரும்பாலும் ப்ராசஸரையும் கிராபிக்ஸ் கார்டையும் தேடி ஓடுகிறார்கள். ஆனால் பிற்பாடு எதையும் மாற்றிக்கொள்ளலாம், மாற்ற முடியாதது மதர்போர்டில் உள்ள ஸ்லாட். கறுப்பு நிறத்தில் நீளமாக இருக்கும் ஐஎஸ்ஏ ஸ்லாட் ஒன்றாவது போர்டில் இருக்க வேண்டும். பக்கத்தில் வெள்ளையாகக் குட்டையாக இருப்பது பிசிஐ. தனியாகத் தள்ளி, பெரும்பாலும் பழுப்பு நிறத்தில் இருப்பது கிராபிக்ஸ் கார்டுக்கான ஏஜிபி.

ஐஎஸ்ஏ ஏன் இவ்வளவு முக்கியம்? விண்டோஸ் கேம்கள் சவுண்ட் கார்டிடம் டிரைவர் மூலம் பேசும். டாஸ் கேம்களுக்கு அந்த இடைத்தரகர் கிடையாது. முகவரி 220, ஐஆர்க்யூ 5 அல்லது 7, டிஎம்ஏ 1 என்ற இடங்களில் ஒரு சவுண்ட் பிளாஸ்டர் இருக்கும் என்று நம்பி நேரடியாகக் கதவைத் தட்டும். ஐஎஸ்ஏ கார்டு அங்கேயே இருக்கும், உடனே பாடும். பிசிஐ ஸ்லாட்டில் அந்த டிஎம்ஏ கம்பிகளே கிடையாது. யமஹா ஒய்எம்எஃப் 724, 744 சிப் கொண்ட சில பிசிஐ கார்டுகள் சமாளிக்கும் என்றாலும், எல்லா போர்டிலும் அது கைகூடாது.

உலகத்தின் டாஸ் கேம்கள் அத்தனையும் பின்பற்றிய இந்த சவுண்ட் பிளாஸ்டர், சிம் வோங் ஹூ நிறுவிய கிரியேட்டிவ் என்ற சிங்கப்பூர் நிறுவனத்தின் தயாரிப்பு. 1989-ல் வந்தது. அதற்கு இரண்டு வருஷம் முன்பே சந்தையில் இருந்த ஆட்லிப் கார்டின் யமஹா இசை சிப்பையே தானும் வைத்துக்கொண்டு, கூடவே பேச்சு, வெடிச்சத்தம் போன்ற பதிவு ஒலிகளையும் கொடுத்ததால் ஆட்லிப்பை ஓரங்கட்டியது.

இன்று பெயர்பெற்ற சவுண்ட் பிளாஸ்டர் ஏடபிள்யூஇ கார்டுகளுக்குப் போட்டி அதிகம், விலையும் அப்படியே. ஆனால் இஎஸ்எஸ் 1868 சிப் உள்ள பெயரில்லாத ஐஎஸ்ஏ கார்டு பெரும்பாலான டாஸ் கேம்களுக்குத் தாராளமாகப் போதும். அந்தக் காலத்து சாதாரண வீட்டுக் கணினிகளில் இருந்தது இந்த மாதிரி கார்டுகள்தான். 98 கேம்களின் ஈஏஎக்ஸுக்காக, 1998-ல் வந்த சவுண்ட் பிளாஸ்டர் லைவ் கார்டை பிசிஐ ஸ்லாட்டில் கூடவே போட்டுக்கொள்ளலாம். இரண்டும் ஒரே பெட்டியில் சண்டையில்லாமல் இருக்கும்.

ஐஎஸ்ஏ, பிசிஐ, ஏஜிபி மூன்றும் ஒன்றாகக் கிடைக்கும் போர்டுகளில் நம்பகமானவை, 1998-ல் இன்டெல் கொண்டுவந்த 440பிஎக்ஸ் சிப்செட் போர்டுகள். பென்டியம் 2, பென்டியம் 3, செலரான் ப்ராசஸர்களை அவை ஏற்கும். எந்த வேகம் வரை ஏற்கும் என்பது போர்டுக்குப் போர்டு மாறும் என்பதால், ப்ராசஸர் வாங்கும் முன் மாடல் எண்ணை வைத்து மேனுவலைத் தேடிப் பார்ப்பது அவசியம். 450 முதல் 600 மெகாஹெர்ட்ஸ் பென்டியம் 3 கிடைத்தால் 2000 வரையிலான கேம்களுக்கு வேறு எதுவும் தேவையில்லை.

கிராபிக்ஸ் கார்டு: ஆசை வூடூ மேல், ஆனா...

3டிஎஃப்எக்ஸ் என்ற அமெரிக்க நிறுவனத்தின் வூடூ கார்டு 1996-ல் வந்தபோது, கேம்களின் முகமே மாறியது. முதல் வூடூ கார்டுக்குச் சாதாரணப் படம் காட்டத் தெரியாது. ஏற்கெனவே உள்ள கிராபிக்ஸ் கார்டிலிருந்து ஒரு கேபிளை வாங்கி, 3டி கேம் ஓடும்போது மட்டும் தன் படத்தை மானிட்டருக்கு அனுப்பும். இந்த கார்டுகளுக்கென்றே கிளைடு என்ற தனி மொழி இருந்தது. அன்ரியல், நீட் ஃபார் ஸ்பீடு 2 ஸ்பெஷல் எடிஷன் போன்றவற்றை அவற்றின் முழு அழகோடு பார்க்க கிளைடு தேவைப்பட்டது. 2000 டிசம்பரில் அந்த நிறுவனத்தின் சொத்துகளை என்விடியா வாங்குவதாக அறிவிப்பு வந்தது. அதோடு வூடூ கதை முடிந்தது. அதனால்தான் இன்று அந்த கார்டுகளுக்கு இவ்வளவு கிராக்கி.

எழுதிவைத்த பட்டியலில் கிளைடு கேம் இல்லை என்றால், வூடூவுக்குக் கொட்டிக் கொடுப்பது வீண். ஜிஃபோர்ஸ் 2 எம்எக்ஸ், ஜிஃபோர்ஸ் 4 எம்எக்ஸ் கார்டுகள் அலுவலகக் கணினிகளில் கூட்டம் கூட்டமாகப் போடப்பட்டவை. 98-க்கு டிரைவர் உண்டு, பழைய கேம்களோடு நன்றாக ஒத்துப்போகும்.

இங்கேதான் ஒரு ஆபத்தும் இருக்கிறது. ஏஜிபி கார்டுகள் எல்லாம் ஒரே மாதிரி தெரிந்தாலும், ஆரம்பகால கார்டுகள் 3.3 வோல்ட், பின்னால் வந்தவை 1.5 வோல்ட். வூடூ 3 ஏஜிபி கார்டு 3.3 வோல்ட் வகை. அதை 1.5 வோல்ட் மட்டுமே தாங்கும் பென்டியம் 4 காலத்து இன்டெல் 845 போர்டில் செருகினால் போர்டு செத்துவிடும். தவறான கார்டு உள்ளே போகாமல் தடுக்கத்தான் கார்டின் விளிம்பில் வெட்டு வைத்திருக்கிறார்கள். ஆனால் வெட்டு தவறாக அமைந்த கார்டுகளும் சந்தைக்கு வந்திருக்கின்றன. அதனால் 'உள்ளே போகுதே' என்பதை மட்டும் நம்பாமல், மாடலைத் தேடி வோல்ட்டை உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

ரேம் நிறைய போடலாமா?

வேண்டாம். 256 எம்பி போதும். 512 எம்பியைத் தாண்டினால் விண்டோஸ் 98-ன் கேஷ் கணக்கு குழம்பி, 'நினைவகம் போதவில்லை' என்று பிழை காட்டத் தொடங்கும். ரேம் அதிகமாக இருப்பதால் ரேம் போதவில்லை என்று சொல்லும் ஒரே கணினி இதுவாகத்தான் இருக்கும்! 440பிஎக்ஸ் போர்டுக்கு 256 எம்பி ரேம் வாங்கும்போது அதில் சிப்புகளை எண்ணிப் பார்க்க வேண்டும். 16 சிப்புகள் இருந்தால் முழுசாகத் தெரியும். 8 மட்டும் உள்ள ரேமில் பாதிதான் தெரியும்.

எஸ்எம்பிஎஸ், கெபாசிட்டர், பேட்டரி: காசு போவதும் போர்டு போவதும் இங்கேதான்

இருபத்தைந்து வருஷம் மூலையில் கிடந்த எஸ்எம்பிஎஸ்-ஐ அப்படியே மதர்போர்டில் மாட்டி ஆன் செய்வது, இந்த வேலையில் செய்யக்கூடிய மிக மோசமான காரியம். உள்ளே உள்ள கெபாசிட்டர்கள் வறண்டு, தாறுமாறாக மின்சாரம் அனுப்பி எல்லாவற்றையும் காலி செய்துவிடலாம். நல்ல நிறுவனத்தின் புது எஸ்எம்பிஎஸ் வாங்குவதே சரி. பென்டியம் 3 காலத்து போர்டுகள் 3.3 மற்றும் 5 வோல்ட் பக்கம்தான் அதிக மின்சாரம் இழுக்கும், இன்றைய எஸ்எம்பிஎஸ்கள் 12 வோல்ட் பக்கம் வலுவானவை. அதனால் வாட்டைப் பார்க்காமல், பெட்டியின் பக்கவாட்டு ஸ்டிக்கரில் 5 வோல்ட்டுக்கு எத்தனை ஆம்பியர் என்று பார்க்க வேண்டும். 20 ஆம்பியர் இருந்தால் பென்டியம் 3-க்குப் போதும். ஏஎம்டி அத்லான் எக்ஸ்பி போர்டுகள் பலவற்றுக்கு அதைவிட அதிகம் வேண்டும்.

1990களின் இறுதியில் வந்த சில டெல் கணினிகளில் இன்னொரு சிக்கல். பிளக் சாதாரண ஏடிஎக்ஸ் போலவே இருக்கும், உள்ளே கம்பிகளின் வரிசை வேறு. வெளியில் வாங்கிய எஸ்எம்பிஎஸ்-ஐ மாட்டினால் புகைதான். இன்னும் பழைய ஏடி வகை போர்டுகளில் இரண்டு தனித்தனி பிளக்குகள் இருக்கும். கறுப்பு கம்பிகள் இரண்டும் நடுவில் ஒன்றையொன்று தொடும்படிதான் மாட்ட வேண்டும். மாற்றி மாட்டினால் போர்டு போச்சு.

மதர்போர்டில் ப்ராசஸரைச் சுற்றி நிற்கும் சின்ன உருளைகள்தான் கெபாசிட்டர்கள். தலை தட்டையாக இருந்தால் நல்லது. உப்பியிருந்தாலோ, பழுப்பு நிறத்தில் கசிந்திருந்தாலோ மாற்ற வேண்டும். 1999 முதல் 2007 வரை தயாரான போர்டுகளில், மட்டமான ரசாயனம் நிரப்பிய கெபாசிட்டர்களால் உலகம் முழுக்க எண்ணற்ற போர்டுகள் செத்தன. சால்டரிங் தெரிந்த சர்வீஸ்காரர் மாற்றித்தந்துவிடுவார். 'லோ இஎஸ்ஆர்' வகை கெபாசிட்டர் என்று கேட்டு வாங்குவது முக்கியம்.

386, 486 போர்டு கையில் கிடைத்தால் முதலில் பார்க்க வேண்டியது பேட்டரியை. பீப்பாய் வடிவில், போர்டிலேயே பற்றவைத்த ரீசார்ஜ் பேட்டரி அது. கசிந்தால் பக்கத்தில் உள்ள செம்புக் கோடுகளை அரித்துத் தின்றுவிடும். வேலை செய்கிறதோ இல்லையோ, அன்றைக்கே வெட்டி எடுத்துவிட வேண்டும்.

பாட்டு மட்டும் வரலையே, ஏன்?

பழைய ஹார்டு டிஸ்க்கை நம்ப முடியாது. ஆனால் பழைய கேமராக்களில் இருந்த காம்பாக்ட் ஃபிளாஷ் கார்டு, ஐடிஇ ஹார்டு டிஸ்க்கின் மொழியையே பேசும். மலிவான ஒரு அடாப்டர் போதும், சத்தமே இல்லாத டிஸ்க் ரெடி. 32 ஜிபிக்குள் இருப்பது நல்லது. பல பழைய பயாஸ்கள் அதற்கு மேல் பார்த்தால் உறைந்து நின்றுவிடும். 137 ஜிபிக்கு மேல் போனால் விண்டோஸ் 98 தகவல்களைக் குழப்பி அழித்துவிடக்கூடும்.

சிடி டிரைவ் மட்டும் ஐடிஇ வகையாகவே இருக்கட்டும். 1996-ல் வந்த குவேக் போன்ற கேம்களில் பின்னணி இசை, ஆடியோ சிடியில் இருப்பது போலத் தனி டிராக்குகளாகப் பதிவாகியிருக்கும். டிரைவின் பின்பக்கத்திலிருந்து சவுண்ட் கார்டுக்குப் போகும் மெல்லிய நாலு கம்பி கேபிள் வழியாகத்தான் அந்தப் பாட்டு வரும். அந்த கேபிளை மாட்டாமல் விட்டுவிட்டு, சவுண்ட் கார்டு ரிப்பேர் என்று மாற்றியவர்கள் ஏராளம்.

மானிட்டரில் 4:3 அளவு எல்சிடி போதும், அகலத் திரையில் எல்லா முகமும் இழுத்து வைத்த மாதிரி தெரியும். பழைய டியூப் மானிட்டரில்தான் 320x200 படங்கள் அழகு என்பது உண்மை. ஆனால் அதைத் திறந்து பார்க்கும் ஆசை வேண்டாம். உள்ளே 20,000 வோல்ட்டுக்கு மேல் உருவாகும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது தேங்கி நிற்கும்.

எங்கே கிடைக்கும்?

சென்னை ரிச்சி தெரு, பெங்களூரு எஸ்.பி. ரோடு போன்ற எலக்ட்ரானிக்ஸ் சந்தைகள், அலுவலகங்கள் கழித்துவிடும் பழைய கணினிகளை எடுக்கும் வியாபாரிகள், காயலான் கடைகள் ஆகியவைதான் வழி. தனித்தனி பாகமாகத் தேடுவதைவிட, ஓடிக்கொண்டிருந்த முழுக் கணினியை வாங்குவது பெரும்பாலும் மலிவு. போர்டு, ப்ராசஸர், ரேம் ஒன்றோடொன்று பொருந்துமா என்ற கவலையும் இல்லை. ஆனால் நேரம் அதிகம் இல்லை. இந்த போர்டுகள் எடைக்குப் போய், பின்களிலும் ப்ராசஸரிலும் உள்ள துளித் தங்கத்துக்காக உடைக்கப்படுகின்றன. ஒரு ஐஎஸ்ஏ போர்டு அப்படிப் போனால் அதற்கு மாற்று வராது.

வாங்கிவந்த உடனே எல்லாவற்றையும் மாட்டி ஆன் செய்துவிடக் கூடாது. போர்டு, ப்ராசஸர், அதன் ஃபேன், ஒரே ஒரு ரேம், கிராபிக்ஸ் கார்டு, கேபினெட்டின் குட்டி ஸ்பீக்கர் ஆகியவை மட்டும் போதும். பயாஸின் காசு பேட்டரியைப் புதிதாக மாற்றி, புது எஸ்எம்பிஎஸ்-ஐ மல்டிமீட்டரில் சோதித்துவிட்டு சுவிட்சைப் போட வேண்டும். நீளமாகவோ விட்டுவிட்டோ சத்தம் வந்தால் ரேமையும் கார்டையும் கழற்றி, பின்களை அழிரப்பரால் துடைத்து மறுபடி செருகிப் பார்க்கலாம். ஒரே ஒரு குட்டி 'பீப்' மட்டும் கேட்டால் போர்டு உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம். அணைத்து, பிளக்கைப் பிடுங்கிவிட்டு, அடுத்து சவுண்ட் கார்டை மாட்டலாம்.